சென்றாயன் இரவல் வாங்கிய விதைக்கலப்பை

மலைமேல் எடப்புளி நாட்டுச் சென்றாயனுக்குப் பிடித்தது நல்ல பைத்தியம்தான். 1938இல் அடிவாரத்துச் சேந்தமங்கலத்துக்குக் கூலிக்குப் போனவர், காளியண்ணன் என்ற விவசாயியின் சோளக்காட்டில் விதைக்கலப்பையைப் பார்த்தார். மண்ணைக் கீறும் மூன்று கொழு, மேலே மரக்கிண்ணம், கிண்ணத்திலிருந்து கொழுவுக்கு இறங்கும் மூங்கில் குழாய்கள். கிண்ணத்தில் சோளத்தைப் போட்டுக்கொண்டே போனால் மண்ணுக்குள் இறக்கிவிடும். கையால் வீசுவதில் பாதி விதை போதும். குருவிக்கும் எறும்புக்கும் பங்கு கிடையாது.

அந்தப் பாதிதான் அவரைக் கெடுத்தது.

மறு வருஷம் மழை விழுந்ததும் அதை இரவல் வாங்கித் தோளில் சுமந்து மலையேறினார். வீட்டில் இருந்தது நான்கு வள்ளம் சாமை, அதுவும் விதைக்கு வைத்தது. பிள்ளைகள் மூன்றும் பத்து நாளாகக் காட்டுக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்தன.

"ரெண்டு வள்ளம் போதும் அத்தாயி. மிச்சத்தைக் குத்திச் சோறாக்கு" என்றார் மனைவியிடம்.

"வெதையவா? ஏனுங்க, புத்தி பெசகிப் போச்சுங்களா?"

"புள்ளைங்க மொகத்தைப் பாரு."

பார்த்தாள். உலக்கையை எடுத்தாள். நான்கு நாள் எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். அந்தச் சோற்றை என்னால் குறை சொல்ல முடியவில்லை.

அவர் மாட்டை ஓட்ட, அத்தாயி கிண்ணத்தில் விதை போட்டாள். மண்மேல் ஒரு மணிகூடத் தெரியவில்லை. சென்றாயனுக்குப் பெருமை தாங்கவில்லை.

முளை தெரியும்வரை விதைத்த காட்டில் கால் வைப்பதில்லை என்பது அவர்கள் வழக்கம். ஐந்தாம் நாள் பக்கத்துக் காடுகள் பச்சை கட்டின. இவருடையது வெறும் மண்ணாகவே கிடந்தது.

"ஒரு எடத்துல கிளறிப் பாத்துரலாங்க" என்றாள் அத்தாயி.

"சாமி குத்தமாயிரும். வரும், பொறு."

பன்னிரண்டாம் நாள் அவரே மண்டியிட்டுக் கிளறினார். சோளத்துக்குக் கட்டிய கொழு நான்கு விரல் ஆழம் போயிருந்தது. கடுகளவே உள்ள சாமைக்கு அவ்வளவு மண்ணை முட்டி வரத் தெம்பு ஏது? வெள்ளை முளைகள் வரிசை தப்பாமல் அழுகிக் கிடந்தன. கொழுவை ஏற்றிக் கட்டியிருந்தால் போதும். காளியண்ணன் சாமை விதைத்தவரில்லை, அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. மறுபடி விதைக்கப் பிடி சாமை இல்லை. ஊரார் விதையெல்லாம் ஏற்கெனவே மண்ணுக்குள் போய்விட்டது.

கூலி தேடிக் குடும்பமே மலையிறங்கியது. தோளில் கலப்பையோடு முன்னால் நடந்தவரைச் சின்னவள் ராக்கம்மாள் ஓடிப்போய்ப் பிடித்தாள்.

"அப்பா, இன்னொருக்கா இதுல வெதைக்கலாங்களா? அன்னைக்கு மாதிரி சோறு ஆக்குவாங்கல்ல?"

சென்றாயன் கலப்பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு இறங்கினார்.