வியாழக்கிழமைக்கு அடித்த கை

அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. உள்ளங்கையும் உள்ளங்கையும் பளீரென்று மோதிய சத்தம். அமெரிக்காவில், வெஸ்ட் வின்ட்சரில் பெரியப்பா தன் கிளினிக்கை ஓர் இளம் டாக்டருக்கு விற்ற நாள் அது. "டேய், நீ நடுவுல நில்லு. ரெண்டு பேர் கையையும் பிடிச்சு சேர்த்து வைக்கணும். எங்க ஊர் வழக்கம்," என்றார். எங்க ஊர் என்று அவர் சொன்னது பிறந்த ஈரோட்டை அல்ல. அமெரிக்கா வருவதற்கு முன் டாக்டராக வேலை பார்த்த அயர்லாந்துச் சந்தை ஊரை.

அந்த ஊரைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். அந்தப் பக்கத்தில் ஆற்றுக்குப் பாலம் கட்டத் தோதான ஒரே இடம் அது. அதனால் நாலு சாலையும் அங்கே வந்து சேர்ந்தன, சந்தை வந்தது. சரிவான சதுக்கத்தில் வியாழன்தோறும் மாடு, வெண்ணெய், ஓட்ஸ் என்று வியாபாரம். நம் மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். அங்கே விலை படிந்ததும் எல்லார் எதிரிலும் உள்ளங்கையில் அடிப்பார்களாம். அடித்த பிறகு பேச்சு மாறியவனிடம் அடுத்த சந்தையில் ஒருவரும் மாடு வாங்கமாட்டார்களாம். நூறு வருடத்துக்கும் முன் வந்த பெரும் பஞ்சத்தில் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தபோது அதே சதுக்கம் வழியாகத்தான் தானிய வண்டிகள் சிப்பாய்க் காவலோடு துறைமுகத்துக்குப் போயின என்பதையும் ஒவ்வொரு முறையும் சொல்வார். அந்த ஊர் நினைவாகத்தான் கிளினிக்கில் வியாழக்கிழமையை இன்சூரன்ஸ் இல்லாதவர்களுக்கு இலவசமாகப் பார்ப்பதற்கென்று ஒதுக்கி வைத்திருந்தார்.

அது தொடர வேண்டும் என்பதற்குத்தான் அந்தக் கையடி. "அங்கிள், வியாழக்கிழமை அப்படியே இருக்கும், ப்ராமிஸ்," என்று சொல்லித்தான் அந்த இளம் டாக்டர் அடித்தான். சேர்த்து வைத்தவன் நான்.

சில மாதங்களிலேயே வியாழக்கிழமைகளில் கதவு பூட்டிக் கிடந்தது. போய்க் கேட்டேன். "ப்ரோ, அது கான்ட்ராக்ட்லயே இல்லையே. கை தட்டினதுக்கெல்லாம் பிசினஸ் ரன் பண்ண முடியுமா?" என்று சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெரியப்பா கோபப்படவில்லை, அந்த ஊரைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டார். போன வருடம் போய்ச் சேர்ந்தார். கிளினிக்கை மட்டுமா வாங்கினான் பாவி, அவர் ஊரையும் சேர்த்தல்லவா பிடுங்கிக்கொண்டான்.

சென்ற வாரம் பிரிட்ஜ்வாட்டர் கோயில் கேன்டீனில் என்னைப் பார்த்ததும் வரிசையிலிருந்து விலகி வந்தான். "அங்கிள் மாதிரி ஒரு கிரேட் மேன் இனிமே வரமாட்டார்," என்று கையை நீட்டினான். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பாதிப் பேர் அவனுடைய பேஷன்ட்டுகள். பார்க்கட்டும்.

"வியாழக்கிழமை கதவைத் தொறந்துட்டு வந்து கையை நீட்டு," என்றேன், கடைசி ஆளுக்கும் கேட்கும்படி.

நீட்டிய கை அப்படியே நின்றது. இந்தத் தடவை சத்தம் எதுவும் வரவில்லை.