பி.பி. மெஷினும் மாசி வெயிலும்

நர்ஸ் வேலைக்கு வருகிறவள் முதலில் ரத்தத்தைக் கண்டு பயப்படாமல் இருக்கப் பழக வேண்டும் என்பார்கள். பன்னிரண்டு வருஷமாக வெள்ளகோவிலைச் சுற்றி பி.பி. மெஷினும் கையுமாக வீடு வீடாகப் போய் வயசானவர்களைப் பார்க்கிற எனக்கு, இப்போது பயமெல்லாம் வெயிலிடம்தான். முன்பு சித்திரையில் வந்த வெயில் இப்போது மாசியிலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. வீட்டில் வயசான அப்பா அம்மா இருக்கிற உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

ஊசி வலிக்காமல் இருக்க

சரஸ்வதியம்மாவுக்குச் சர்க்கரை இறங்கவே இல்லை. டாக்டர் இரண்டு தடவை இன்சுலின் அளவைக் கூட்டிவிட்டார். வாயைக் கட்டுவதில்லை என்று நான் வேறு சத்தம் போட்டேன். ஒரு நாள் மருந்தைக் காட்டச் சொன்னால், சிமென்ட் ஷீட் கூரைக்கு அடியில் இருந்த அலமாரியிலிருந்து எடுத்துத் தந்தார். மருந்து பாட்டில் டீ கிளாஸ் மாதிரி சுட்டது. சமையலறையில் ஃப்ரிட்ஜ் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சூடுபட்ட இன்சுலின் வெறும் தண்ணீர் மாதிரிதான்.

"ஃப்ரிட்ஜுல வெச்சா ஊசி ஜில்லுனு வலிக்குதுங்க சிஸ்டர், அதான் எடுத்து வெளிய வெச்சுபோட்டனுங்க."

வேர்க்காத நாள்

பங்குனி மாதம், மத்தியானம். தறி ஓட்டும் வீடு ஒன்றில் பெரியவர் படுத்திருந்தார். நெற்றியைத் தொட்டால் கொதித்தது, தோல் காய்ந்து கிடந்தது. கூப்பிட்டால் என்னென்னவோ உளறினார். அந்தச் சூட்டில் வேர்வை நின்றுபோனால் உயிருக்கே ஆபத்து. ஆம்புலன்ஸ் வரும்வரை ஈரத்துணியைச் சுற்றி விசிறிக்கொண்டே இருந்தேன். எப்படியோ பிழைத்துக்கொண்டார். நான் உள்ளே நுழைந்தபோது அவர் மருமகள் சந்தோஷமாகச் சொன்னது இன்றைக்கும் காதிலேயே இருக்கிறது.

"இன்னைக்கு மாமனுக்குப் பொட்டு வேர்வை இல்லீங்க சிஸ்டர், நல்லா அசந்து தூங்கறாருங்க."

ஒரு லிட்டர்

பழனிச்சாமி ஐயாவுக்கு இதயம் பலவீனம். மார்கழியில் கால் வீங்கியபோது, டாக்டர் சொன்னபடி ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர்தான் என்று பெரிய பாட்டிலில் கோடு போட்டுக் கொடுத்தவள் நான். சித்திரையில் அவர் தோட்டத்தில் மயங்கி விழுந்தார். உடம்பில் தண்ணீரே இல்லை, கிட்னி தடுமாறுகிறது என்றார்கள் ஆஸ்பத்திரியில். அந்த வெயிலிலும் அவர் அதே ஒரு லிட்டரோடு நின்றிருக்கிறார்.

வெயில் ஏறியதும் டாக்டரிடம் கேட்டு அளவை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கே தோன்றாதது அவருக்கா தோன்றும்? கட்டிலருகே போய் நின்றபோது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவரோ என்னைக் கண்டதும் கைகூப்பினார்.

"கோவிச்சுக்காதீங்க அம்மணி, அன்னைக்குத் தாகம் பொறுக்காம கோட்டுக்கு மேல ரெண்டு மடக்குக் குடிச்சுபோட்டனுங்க, அதனாலதான் இப்புடி ஆயிப்போச்சு."

வெயில் ஆளை அடிக்கிறது என்னவோ உண்மைதான், ஆனால் என் அனுபவத்தில் பாதி நேரம் அது பார்த்துக்கொள்கிற எங்களிடம் சம்மதக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் அடிக்கிறது.