இரண்டு கேமராவும் ஓர் இறால் குட்டையும்

மதிவதனியின் மூன்று மா நிலத்துச் சம்பா நெல், தூர் கட்டும் பருவத்தில் நுனி கருகி நின்றது. பக்கத்து இறால் குட்டைக்காரர் செந்தில்குமார் விடியும் முன் உப்புத் தண்ணீரைக் குழாய் வழியே பாசன வாய்க்காலில் திறந்துவிடுகிறார் என்பது ஊருக்கே தெரியும். கேட்கத்தான் ஆளில்லை. பள்ளிக்கூடத்து ஆய்வக உதவியாளரான மதிவதனி கேட்டாள்.

தம்பியின் சின்ன கேமராவால் வாய்க்கால் கரையிலிருந்து எடுத்த படத்தை விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் நீட்டினாள். இருட்டில் எடுத்தது, படம் முழுக்கப் புள்ளி புள்ளியாய்க் கலங்கியிருந்தது.

"இது குழாயா, பாம்பா?" செந்தில்குமார் சத்தமாகச் சிரித்தார். "உங்கப்பன் எங்க வயல்ல நாத்து பறிச்சவன். நீ என் மேல மனு குடுக்குறியா?"

யாரும் அவரைத் தடுக்கவில்லை. "தெளிவா இருந்தா கொண்டாங்க" என்று அதிகாரி படத்தைத் திருப்பித் தந்தார்.

மறுநாள் அதே கோபத்தோடு நாகப்பட்டினத்தில் பக்கீர் முகம்மதுவின் கேமரா கடையில் நின்றாள். அவர் இரண்டை எடுத்து வைத்தார்.

"ரெண்டும் இருபது மெகாபிக்சல். இதுல நாப்பது மடங்கு ஜூம். கோடியக்கரைக்குப் பறவை பாக்கப் போறவங்க இதத்தான் கேக்குறாங்க."

"சென்சார் எவ்வளவு பெருசு பாய்?"

"போட்டோ எடுக்கப் போறீங்களா, பரீட்சை எழுதப் போறீங்களா?"

அவள் சிரிக்கவில்லை. "கடை ஷட்டர இறக்குங்க."

கடை இருண்டது. மூலையில் கிடந்த அட்டைப்பெட்டியின் எழுத்துகளை இரண்டிலும் எடுத்து, திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள். ஜூம் கேமராவில் வெளிச்சத்தை வாங்கும் சில்லான சென்சார், பெட்டியில் போட்டிருந்த அளவுப்படி சுண்டுவிரல் நகத்தில் பாதிதான். எழுத்தெல்லாம் மணல் தூவியதுபோல் கரைந்திருந்தது. மற்றதில் கட்டைவிரல் நகம் அளவு. அதே இருபது மெகாபிக்சல்தான், ஆனால் ஒவ்வொரு புள்ளிக்கும் இடம் தாராளம், வெளிச்சம் கூடுதலாய் விழுகிறது. எழுத்தைப் படிக்க முடிந்தது.

பக்கீர் முகம்மது கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "சரிதாம்மா. ஆனா இதுல ஜூம் மூணு மடங்குதான். கிட்டப் போவணும்."

"போறேன்."

அதையே வாங்கிக்கொண்டு போனாள். கிழக்கு வெளுக்கத் தொடங்கியபோது முழங்கால் சேற்றில் இறங்கி, குழாய்க்குப் பத்தடியில் நின்று எடுத்தாள். மூன்றாவது படத்தில் செந்தில்குமார் அவளைப் பார்த்துவிட்டார்.

"கேமராவ குடுடி!" மண்வெட்டியோடு வரப்பில் ஓடிவந்தார்.

அவள் கேமராவை இறக்காமல் அவர் முகத்தையே எடுத்தாள். "அடிங்க. அதுவும் படத்துல விழும்."

மண்வெட்டியை வரப்பில் வீசிவிட்டு, அவள் குடும்பத்தையே இழுத்து வைத்து வாய்க்கு வந்தபடி திட்டினார் அவர்.

அடுத்த கூட்டத்தில் அந்தப் படங்கள் சுவரில் பெரிதாக விழுந்தன. குழாய், நுரைத்த தண்ணீர், மண்வெட்டி, முகம், எல்லாம் துலக்கம். "ஜோடிச்ச படம்" என்றார் செந்தில்குமார். அதிகாரி மெமரி கார்டையே வாங்கி, படம் எடுத்த தேதியையும் நேரத்தையும் சரிபார்த்தார். ஒரு வாரத்தில் அரசு ஆட்கள் வந்து குழாயை அறுத்து, அதன் வாயைச் சிமெண்டால் அடைத்தார்கள்.

கருகிய பயிர் கருகியதுதான். செந்தில்குமாரின் ஆட்கள் அவள் வயலுக்குப் போகும் வழியில் கருவை முள்ளை வெட்டிப் போட்டார்கள். மதிவதனி முள்ளை நாலு பக்கமும் நின்று படமெடுத்துக்கொண்டு, அடுத்த மனுவை எழுத உட்கார்ந்தாள்.