கீழ்வீட்டுக் காட்டேரி

உப்பு மீன் பொரிகிற வாசனை எங்கள் வீட்டில் தரையிலிருந்துதான் வரும். ஹாலின் சுவரோரம் தரையில் பதித்திருந்த ஹீட்டர் துளையின் இரும்புச் சல்லடை வழியாகச் சூடான காற்றோடு ஏறி வந்து, சோபாவிலும் அப்பாவின் ஆபீஸ் சட்டைகளிலும் என் பள்ளிக்கூடப் பையிலும் உட்கார்ந்துகொள்ளும். அம்மா மூக்கைச் சுளித்துக்கொண்டு ஒரு பழைய துண்டை நாலாக மடித்துச் சல்லடைமேல் போடுவாள். அறை குளிர்ந்துவிட்டது என்று பிறகு அவளே எடுப்பாள். எடுத்ததும் வாசனை மறுபடியும் வரும். எனக்கு அப்போது எட்டு வயது. நியூ ஜெர்சியில், பிஸ்கட்டவேயில், ஒரு பழைய மர வீட்டின் மாடியில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்காரர்கள் இருந்தார்கள், கயானாவிலிருந்து வந்தவர்கள்.

கயானா ஆப்பிரிக்காவில் இருக்கிறது என்று அப்பாவின் நண்பர்கள் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வார்கள். உண்மையில் அது தென் அமெரிக்காவின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது. கரும்பு வெட்டுவதற்காக வெள்ளைக்காரன் மதராஸில் கப்பலேற்றி அங்கே கொண்டுபோய் இறக்கியவர்களின் வம்சம்தான் கீழ்வீட்டு டாலி ஆன்ட்டி. நாலு தலைமுறைக்குப் பிறகு அவர்களிடம் தமிழில் ஒரு வாக்கியம்கூட மிஞ்சவில்லை. ஆனால் தபால் பெட்டியில் ‘மூன்சாமி’ என்று பெயர் இருந்தது. “முனுசாமியா இருந்திருக்கும், பாவம்” என்றாள் அம்மா. அந்தப் ‘பாவம்’ அவள் வாயில் அடிக்கடி வரும்.

எதற்குப் பாவம் என்று இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. டாலி ஆன்ட்டி வயதானவர்களைக் குளிப்பாட்டி, சோறூட்டி, மருந்து கொடுக்கிற வேலைக்குப் போனார். ஒரு நாளைக்கு இரண்டு வீடு. அவர் கணவர் லாரி ஓட்டினார். அவர் தம்பி ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றினார், தம்பி மனைவி ஆஸ்பத்திரியில் துணி துவைத்தார். யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. ஆனால் அத்தனை பேரும் சேர்ந்து வாங்கிய வீடு அது, அத்தனை பேரும் அமெரிக்கக் குடிமக்கள். முதலில் வந்த அக்கா ஒருத்தி மற்றவர்களை ஒவ்வொருவராக இழுத்துக்கொண்டு வந்திருந்தார். நாங்களோ? அப்பாவுக்குக் கம்ப்யூட்டர் வேலை, நல்ல சம்பளம், ஆனால் கம்பெனி கைவிட்டால் மூட்டை கட்ட வேண்டிய விசா. அம்மா எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, வேலைக்குப் போகவே அனுமதியில்லாத விசா அவளுக்கு. கிரீன் கார்டு வரிசையில் எங்கள் முறை எப்போது வரும் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். “வாடகை வீட்ல வாய் இருக்கக் கூடாது, இருக்கற எடம் தெரியாம இருக்கணும்” என்று அம்மா எனக்குச் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

டாலி ஆன்ட்டியும் எங்களைப் பார்த்துப் பாவப்பட்டார் என்பதுதான் வேடிக்கை. அவர் பேசுகிற இங்கிலீஷ் எங்கள் பள்ளிக்கூட இங்கிலீஷ் இல்லை, பாதி பாட்டு மாதிரி இருக்கும். அதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: “ரெண்டு சூட்கேஸ் எடுத்துக்கிட்டு வந்துட்டீங்க, ஒரு சொந்தம்கூட எடுத்துக்கிட்டு வரலையே.” அம்மாவுக்கு அது சுருக்கென்று தைத்தது. மூன்று நாள் அவருடன் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்தச் சல்லடை வழியாக வாசனை மட்டும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கீழே பறை மாதிரி ஒன்றை அடித்துக்கொண்டு பாடுவார்கள். நான் தரையில் படுத்துக் காதை வைத்துக் கேட்பேன். ‘ஆத்தா’ என்று வரும், ‘வேப்பிலை’ என்று வரும், ‘தண்ணி’ என்று வரும். தமிழ் என்பது எங்கள் வீட்டுக்குள் மட்டும் பேசுகிற ஒன்று என்று நினைத்திருந்த எனக்கு, தமிழே தெரியாதவர்கள் வாயிலிருந்து, அர்த்தம் தெரியாமல், யாரோ எப்போதோ சொல்லிவைத்தபடி அது வருவதைக் கேட்டபோது சல்லடையிலிருந்து காதை எடுக்கவே தோன்றவில்லை. டாலி ஆன்ட்டியின் மகள் ஷாலினிக்கு என்னைவிட மூன்று வயது கூட. இது என்ன பாஷை என்று அவளிடம் கேட்டேன். “இதுவா? மெட்ராஸ்” என்றாள், பாஷையின் பெயரே அதுதான் என்பதுபோல.

அந்த இலையுதிர் காலத்தில் அம்மா உண்டாகியிருந்தாள். நான் திருவண்ணாமலைப் பக்கம் பிறந்தவள்; அமெரிக்கா வந்த பிறகு அம்மாவுக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை, இரண்டும் ஐந்தாம் மாதத்தில். இது மூன்றாவது. அப்பா திங்கள் முதல் வியாழன் வரை டெக்ஸாஸில் கிளையன்ட் ஆபீஸில் இருப்பார். மாடியில் அம்மாவும் நானும்தான்.

நவம்பரில் குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைத்துவிடுவார்கள். நாலரை மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். அந்த நாலரை மணிக்குத்தான் அது ஆரம்பித்தது. அம்மா அரிசி களைந்துகொண்டிருப்பாள், சட்டென்று கை நிற்கும், குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், ஜன்னல் வழியாகக் கொல்லைப்புறத்தைப் பார்ப்பாள். அங்கே நனைந்த இலைகளும் மரவேலியும் தவிர ஒன்றும் இருக்காது. “யாராவது கூப்ட்டா டக்குனு ‘என்ன’ன்னு கேட்டுடாத” என்பாள் என்னிடம். “யார் கூப்பிடறது?” என்று நான் இங்கிலீஷில் கேட்பேன். அவள் குழாயை மூடுவாள். இப்படியே நாலு நாள். அவள் சாப்பாட்டைக் குறைத்தாள். டாக்டரம்மா குழந்தை நன்றாக இருக்கிறது, மனதை லேசாக வைத்துக்கொள் என்று சொல்லி அனுப்பினார்.

ஐந்தாம் நாள் எனக்கும் கேட்டது. இதைப் படிக்கிற நீங்கள் நம்பலாம், நம்பாமலும் போகலாம். என் கணவர் டாக்டர், அவர் நம்பவில்லை. வேலிப் பக்கமிருந்து, உரக்கவும் இல்லை, மெதுவாகவும் இல்லை, “ஏ புள்ள” என்று ஒரு பெண் குரல். அம்மா என்னை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. டாலி ஆன்ட்டியின் கார் வாசலில் இல்லை, கீழ்வீடு முழுக்க இருட்டு. நான் அம்மாவின் வயிற்றைக் கட்டிக்கொண்டேன். 

மறுநாள் குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு படியிறங்கிய அம்மாவை டாலி ஆன்ட்டி வழிமறித்தார். முகத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார். “காட்டேரிக்குச் சோறு வெச்சியா?”

அம்மா குப்பைத் தொட்டியை விட்டுவிட்டாள். அது படியில் உருண்டு போனது. அவள் அப்படியே உட்கார்ந்து அழுத அழுகையை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. அவள் ஊரில் பிள்ளைத்தாய்ச்சிக்கு ஐந்தாம் மாதம் முடிவதற்குள் காட்டேரிக்குப் படைப்பார்கள். இல்லாவிட்டால் காட்டேரி கருவைத் தின்றுவிடுவாள் என்று நம்பிக்கை. நான் வயிற்றில் இருந்தபோது படைத்திருந்தார்கள். இங்கே வந்த பிறகு இரண்டு முறையும் படைக்கவில்லை. பக்கத்து ஊரான எடிசனில் இருந்த அவள் சிநேகிதிகளெல்லாம் வளைகாப்புக்கு ஹால் பிடித்து போட்டோகிராபர் வைக்கிறவர்கள். அவர்களிடம் போய்க் காட்டேரி என்று சொன்னால் எந்த ஊர், எந்தத் தெரு என்று ஆரம்பித்துவிடுவார்கள். படிப்பைப் பெரிதாகப் பேசுகிற அப்பாவிடமும் வாய் திறக்கவில்லை. எல்லோரிடமும் மறைத்த ஒன்றை, அந்த ஊரைக் கண்ணால் பார்த்திராத ஒருத்தி கேட்டுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை பொழுது சாய்கிற நேரத்துக்குக் கொல்லையில் வேலியோரம் படைத்தார்கள். டாலி ஆன்ட்டி, அவர் தம்பி மனைவி, அம்மா, நான். “ஆம்பளைங்க கண்ணுல படக் கூடாது” என்று கீழ்வீட்டு ஆண்களைக் கடைக்கு விரட்டியிருந்தார்கள். ஷாலினியை அவள் பருவ வயசுக்காரி என்று உள்ளேயே நிறுத்திவிட்டார்கள். பீட்சா தட்டின்மேல் வாழையிலை, சோறு, உப்பு மீன், அவித்த முட்டை, ஒரு மூடி ரம். டாலி ஆன்ட்டி சோற்றைப் பிசைந்து மூன்று உருண்டை பிடித்தார். முதல் உருண்டையை அம்மா வாயருகே கொண்டுபோய், “யார் திங்கறது?” என்று கேட்டார். “காட்டேரி” என்றாள் அம்மா, வெட்கத்தோடு. இரண்டாவது உருண்டைக்கும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாவது முறை கேட்டபோது பதில் வந்தது. ஆனால் அது அம்மாவின் குரல் இல்லை. கரகரவென்று, பசித்த குரல். டாலி ஆன்ட்டியின் கை ஒரு நொடி நின்றது, பிறகு ஊட்டினார். நான் என் ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்து வரை இழுத்து விட்டுக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தானா ஒரு டாக்ஸியின் விளக்கு வெளிச்சம் எங்கள்மேல் விழ வேண்டும்! அப்பா. போனில் அம்மாவின் குரல் சரியில்லை என்று இரண்டு நாள் முன்னதாகவே டெக்ஸாஸிலிருந்து கிளம்பி வந்துவிட்டார். “முகத்தைத் திருப்பு!” என்று டாலி ஆன்ட்டி கத்தினார். இரண்டு டிகிரி வாங்கிய என் அப்பா, ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல், தோளில் லேப்டாப் பையோடு கராஜ் கதவைப் பார்த்துத் திரும்பி நின்றார். மிச்சச் சோற்றைப் புதைத்து, நாங்கள் திரும்பிப் பார்க்காமல் படியேறி முடிக்கும்வரை, குளிரில் அப்படியே நின்றார். மறுநாள் காலையில் காபி குடித்துக்கொண்டே அவர் கேட்டது ஒன்றுதான். “கருவாடு வெச்சீங்களா?” அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமாகிப் பத்து வருஷமாக இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் இதையே மறைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்!

அதன் பிறகு யாரும் கூப்பிடவில்லை. வசந்தத்தில் தம்பி பிறந்தான், கொழுகொழுவென்று.

பெயர் வைக்கிற விழாவுக்கு எடிசனில் ஹால் பிடித்தார்கள், போட்டோகிராபர் உண்டு. கீழ்வீட்டுக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். டாலி ஆன்ட்டி கை நிறையத் தங்க வளையலும் மயில் நிறத்தில் மினுமினுக்கிற உடையுமாக, அந்த ஹாலிலேயே அதிகமாகச் சந்தோஷப்பட்டவர் அவர்தான். தம்பியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து நாற்காலிக்காரிகளிடம், “காட்டேரிக்குச் சோறு வெச்சோம், பையன் எப்படி வந்திருக்கான் பாருங்க” என்றார்.  ஒரு ஆன்ட்டி அம்மாவைப் பார்த்து, “என்ன வசந்தி, பிளாக் மேஜிக்கெல்லாம் பண்றீங்களா?” என்று சிரித்தார்.

அம்மாவும் சிரித்தாள். டாலி ஆன்ட்டிக்கும் புரியும்படி இங்கிலீஷிலேயே சொன்னாள்: “அய்யோ, அது அவங்க வழக்கம். நாங்க இதெல்லாம் பண்றதில்ல. இண்டியால படிப்பறிவில்லாதவங்கதான் பண்ணுவாங்க.”

டாலி ஆன்ட்டி கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர், “அப்படியா? எங்களுக்குத் தெரியாதே” என்று மட்டும் சொன்னார். குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார். அப்பா தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அங்கேயே எழுந்து உண்மையைக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை, எட்டு வயதிலேயே எனக்கும் அந்த ஆன்ட்டிகளின் முன்னால் வெட்கமாக இருந்தது. அடுத்த கோடையில் அப்பாவுக்குக் கலிபோர்னியாவில் வேலை மாறியது, சான் ரமோனுக்குக் கிளம்பிவிட்டோம். டாலி ஆன்ட்டி வாசலில் நின்று கையசைத்தார்.

இப்போது எனக்கு முப்பது வயதாகப்போகிறது, கலிபோர்னியாவிலேயே, சான் ரமோனுக்குப் பக்கத்து டப்ளினில் இருக்கிறேன். கிரீன் கார்டு வந்து, குடியுரிமையும் வந்து, அம்மா வேலைக்குப் போய் ஓய்வும் பெறப்போகிறாள். போன வருஷம் எனக்குக் கரு தங்கவில்லை, ஐந்தாம் மாதத்தில்தான் போயிற்று. இப்போது மறுபடியும் ஐந்தாம் மாதம். போன வாரம் அம்மாவிடம் கேட்டேன், எப்படிப் படைக்க வேண்டும் என்று. “எனக்கு என்னடி தெரியும்? எல்லாம் டாலிதானே பண்ணா. ஊர்ல பண்ணப்ப நான் சின்னப் பொண்ணு, வெச்சதைத் தின்னேன், அவ்ளோதான்” என்றாள். ஊரில் தெரிந்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. அங்கே என் சித்தி மகள்களும் இப்போது பலூன் கட்டி பேபி ஷவர் வைக்கிறார்கள்.

ஷாலினியைத் தேடிப் பிடித்தேன். டெக்ஸாஸில் பார்மசிஸ்ட், பெரிய வீடு, இரண்டு குழந்தைகள். டாலி ஆன்ட்டி இறந்து மூன்று வருஷம் ஆயிற்றாம். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். ஷாலினி சொன்னாள்: “அம்மா அந்த வருஷத்தோட நிறுத்திட்டாங்க. ஞாயித்துக்கிழமைப் பாட்டு, காட்டேரி, எல்லாத்தையும். எங்களுக்கும் சொல்லித்தரல. நான் உண்டானப்ப கெஞ்சிக் கேட்டேன். ‘மாடி வீட்டுக்காரங்க இண்டியாலேருந்து வந்தவங்க, அவங்களுக்குத் தெரியாதா? நாமதான் இத்தனை நாளா தப்பாப் பண்ணியிருக்கோம்’னு சொல்லிட்டாங்க.”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளைத் திட்டுவதற்கு எனக்கு மனசு வரவில்லை. நானும் அந்த ஹாலில் இருந்தவள்தான். ஐந்தாம் மாதம் முடிய இன்னும் பதினொரு நாள் இருக்கிறது.