நடந்துகொண்டே பேசலாம்

மார்பகப் புற்றுநோய்க்கு மூன்றாவது கீமோ முடிந்த வாரம் முழுக்கப் படுத்தே கிடந்தேன். அசதியும் போகவில்லை, ராத்திரியில் தூக்கமும் வரவில்லை. "பத்து நிமிஷமாவது நடங்க" என்றார் பிசியோதெரபிஸ்ட். சிங்கப்பூரின் புக்கிட் மேராவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கைச் சுற்றி நடக்கத் தொடங்கினேன். சில நாளில் தூக்கம் கொஞ்சம் திரும்பியது.

பார்க்க வருகிறவர்களுக்குத்தான் இது பிடிக்கவில்லை. நோயாளி என்றால் கட்டிலில் கிடக்க வேண்டும். அவர்கள் கோழிச்சாறு போத்தலைத் தலைமாட்டில் வைத்துவிட்டுக் கண்கலங்க வேண்டும். நான் எழுந்து நடந்தால் அவர்கள் எங்கே உட்கார்ந்து அழுவது?

சனிக்கிழமை மாலை அண்ணியும் ஒரு கோழிச்சாறு போத்தலோடு வந்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன்.

"ரெஸ்ட் எடு லா. உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

"படுத்துப் பாத்துட்டேன் அண்ணி. பேசணும்னா கூட நடங்க."

போத்தலைக் கையில் பிடித்தபடி, திட்டிக்கொண்டே வந்தார். இரண்டாவது சுற்றில் அவருக்கு மூச்சு வாங்கியது. புளோக்கின் கீழ்த்தளத்தில் இருந்த கல் மேசையையும் இருக்கைகளையும் பார்த்து, "கொஞ்சம் உட்காரலாமா?" என்றார்.

அவரை உட்கார வைத்து, போத்தலை வாங்கி மூடியைத் திருகிக் கொடுத்தேன்.

"நீங்க குடிங்க அண்ணி. எனக்கு இன்னும் ஒரு சுற்று இருக்கு."