நாற்பத்து மூன்றாம் சான்றிதழ்

என் பெயர் அமிர்தசாமி. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பள்ளியின் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எது நடந்தாலும் கடிகாரத்தைப் பார்த்து, நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதி வைப்பது என் வழக்கம். தாளில் இல்லாத எதையும் நான் ஏற்றுக்கொண்டதில்லை. இனி நான் சொல்வதைக் கற்பனை என்று எண்ணுகிறவர்கள் என் வீட்டுக்கு வந்து அந்தக் குறிப்பேட்டைப் பார்த்துக்கொள்ளலாம்.

1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு, புயலில் எழுந்த கடல் தனுஷ்கோடியை விழுங்கிற்று. அதற்குப் பக்கத்துக் குப்பம் ஒன்றில் பெற்றோரைப் பறிகொடுத்த பத்து வயதுச் சிறுமி அந்தோணிமேரி, சேலத்திலிருந்த தன் அத்தை சகாயம்மாளிடம் வந்து சேர்ந்தாள். அத்தை அவளை என் பள்ளிக்கு அழைத்து வந்தாள். நான் முந்தைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழைக் கேட்டேன்.

ஆம், கேட்டேன். விதி அப்படி. பள்ளியே அழிந்துவிட்டதே என்று மேலலுவலகத்துக்கு எழுதினேன். ‘முந்தைய பள்ளித் தலைமையாசிரியரிடம் பெற்று வரச் செய்க’ என்று பதில் வந்தது. கடலிடம் போய்ச் சான்றிதழ் கேட்கச் சொன்ன அந்த அதிகாரியின்மீது எனக்கு மூண்ட கோபம் இன்றும் தணியவில்லை. ஆனால் அவருக்குப் பணிந்தவன் நான்தான். அந்தக் கோபத்தை நான் காட்டியதோ சகாயம்மாளிடம்.

1965 ஜனவரி 22, வெள்ளிக்கிழமை. மாலை 4.35. அவள் மூன்றாம் முறையாக வந்திருந்தாள். திங்கட்கிழமைக்குள் இடம் கிடைக்காவிட்டால், அவளுடைய கணவர் சிறுமியை ஜவ்வரிசி மில்லில் கிழங்கு சீவ அனுப்பிவிடுவாராம்.

“பள்ளிக்கூடமே கடலுக்குள்ள கெடக்குதுங்க சார். டீசிக்கு நான் யாரைப் போயிக் கேக்கறது?”

“அப்படின்னா அந்த ஹெட்மாஸ்டரையே வந்து குடுக்கச் சொல்லும்மா.”

அவள் அழவில்லை. என்னை நேராகப் பார்த்தாள்.

“மாதாகிட்டச் சொல்லி அனுப்பறேனுங்க.”

மாலை 6.10. என் அறையில் தனியே அமர்ந்து வருகைப் பதிவேட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பியூன் பொன்னன் பின்கட்டு வகுப்புகளைப் பூட்டப் போயிருந்தார். கடைத்தெருவில் மூட்டை வண்டிகளின் சத்தம் வழக்கம்போல் கேட்டது.

6.14. அந்தச் சத்தம் நின்றது.

ஒரு வாடை வந்தது. மல்லி, மிளகாய் மூட்டைகளின் நெடி இல்லை அது. ஈர மணலும் பாசியும் கலந்த வாடை... சேலத்தில்.

மை ஒற்றும் தாளைத் தொட்டேன். நனைந்திருந்தது.

சுண்ணக்கட்டியை எடுத்தேன். விரல்களில் கூழாயிற்று.

6.17. வாசலில் ஒருவர் நின்றார். ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை. கக்கத்தில் தாள்கட்டு. வேட்டி நுனியிலிருந்து நீர்... சொட்... சொட்... வெளியே மழை இல்லை.

“நீங்க கேட்டீங்களாமே.”

கட்டிலிருந்து ஒரு தாளை உருவி மேசைமீது வைத்தார். மாற்றுச் சான்றிதழ். அந்தோணிமேரி. எண் 43. எல்லாக் கட்டங்களும் ஒழுங்காக நிரப்பப்பட்டிருந்தன. தேதி அன்றையது. ஒப்பம்: சவரியார், தலைமையாசிரியர்.

அவர் கையிலிருந்த கட்டைப் பார்த்தேன்.

“மற்றவை?”

“நாப்பத்திரண்டு. அவங்களை யாரும் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் கூட்டிட்டுப் போகல.”

குரல் உயரவில்லை. ஆனால் அத்தகைய சினத்தை நான் எந்த முகத்திலும் கண்டதில்லை.

“இந்தத் தாளும் போதாதுன்னா சொல்லுங்க. அத்தனை பேரையும் சாட்சிக்குக் கூட்டிட்டு வர்றேன்.”

காலில் குளிர் ஏறிற்று. குனிந்தேன். நீர்.

முழங்கால்...

இடுப்பு...

மார்பு...

கண்களை இறுக மூடிக்கொண்டேன்.

“ஏனுங்க சார், ஒடம்புக்கு முடியலைங்களா?”

6.21. பொன்னன். வாசலில் வேறு எவரும் இல்லை. தரையில் ஒரு சொட்டு நீர் இல்லை. ஆனால் நான்கு சுவர்களிலும் ஒரே மட்டத்தில், என் மார்பளவு உயரத்தில், ஓர் ஈரக்கோடு. பொன்னன் அதை விரலால் தொட்டு நாவில் வைத்தார்.

“உப்புக் கரிக்குதுங்க.”

சான்றிதழ் மேசைமீது இருந்தது. உலர்ந்து.

திங்கட்கிழமை காலை 9.05க்கு அந்தோணிமேரியைச் சேர்த்தேன். வந்தவர் எப்படியோ உயிர் பிழைத்த ஆசிரியர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சிறுமியிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க அஞ்சினேன்.

மார்ச் 8ஆம் தேதி மேலலுவலகக் கடிதம் வந்தது. ‘சான்றிதழ் வழங்கப்பட்ட தேதியில் அப்பள்ளி இல்லை. எனவே செல்லாது. மாணவியை உடனே நீக்குக.’ பள்ளி இல்லை என்பது அவர்களுக்கு இப்போதுதான் தெரிந்ததாம்!

அந்தோணிமேரியை அழைத்தேன். சான்றிதழைக் காட்டி, யாருடைய எழுத்து என்று கேட்டேன். அவள் அதை விரலால் தடவினாள்.

“எங்க சாரு எழுத்துதான். அன்னிக்கு ராத்திரி பள்ளிக்கூடத்துலதான் எல்லாப் பிள்ளைகளும் ஒதுங்கியிருந்தோம். என்னைத் தூக்கிக் கூரை மேல வச்சாரு. மத்தவங்களையும் தூக்கிட்டு வர்றேன்னு தண்ணிக்குள்ள போனாரு.”

“பிறகு?”

“ரெண்டு நாள் கழிச்சு அவரை மணல்ல பொதைச்சாங்க. நான் பக்கத்துல நின்னேன்.”

அவளுக்குப் பின்னால் சுவரில் அந்தக் கோடு தெரிந்தது. இருமுறை சுண்ணாம்பு அடித்தாயிற்று. அப்போதும் ஈரமாகவே இருந்தது.

அவளை வகுப்புக்கு அனுப்பிவிட்டுப் பேனாவை எடுத்தேன். மேலலுவலகத்துக்கு ஒரே ஒரு வரி எழுதினேன். அப்போது நேரம் பகல் 12.40.

‘இம்மாணவியை நான் நீக்க மாட்டேன்.’