சவுரியம்மாளின் நெற்கட்டும் கும்பிட்ட விமானமும்

ஒரு போர் விமானம் உங்கள் ஊர் ஏரியில் இறங்கி, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கூப்பிக்கொண்டு நின்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டாதீர்கள். திண்டிவனத்துக்குக் கிழக்கே, பெருமுக்கல் மலை கண்ணுக்குத் தெரிகிற ஒரு சிற்றூரில், படித்தவரும் படிக்காதவரும் ஒன்றாக நின்று அதற்குக் கற்பூரம் காட்டினார்கள். கைகட்டி வேடிக்கை பார்த்தவள் ஒருத்திதான். அவள் சேரியில் பிறந்த சவுரியம்மாள்.

அவள் அப்பன் காலத்திலேயே கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்த குடும்பம் அது. ஆனால் மாதா கோவிலிலும் அவர்களுக்குத் தனிப் பக்கம் ஒதுக்கி, நடுவே கம்பி போட்டிருந்தார்கள். சாமி மாறியது. கம்பி மாறவில்லை.

சேரியிலிருந்து ரோட்டுக்குப் போக ஊர்த்தெரு ஒன்றுதான் வழி. அந்தத் தெருவுக்கு ஒரு சட்டம் இருந்தது. தலைச்சுமையோடு வருகிற சேரிப் பெண், எதிரே ஊர்க்காரர் யாராவது வந்தால் சுமையைக் கீழே இறக்க வேண்டும். கைகளைத் தலைக்கு மேல் கூப்பி, "கும்பிடறேன் சாமி" என்று சொல்ல வேண்டும். அப்புறம் போகலாம். எப்படிப் போவது? பச்சை விறகுக் கட்டைத் தனி ஆளாகத் தலைக்கு ஏற்ற முடியுமா? தூக்கிவிட ஒரு கை வேண்டும். ஊர்க்காரர் கை கொடுத்தால் தீட்டாம். ஆகவே சேரி ஆள் இன்னொருவர் அந்தப் பக்கம் வரும்வரை வெயிலில் நிற்க வேண்டியதுதான்.

முப்பத்தாறாம் வருஷம், நிறைமாதச் சூலியாக இருந்தபோது, சவுரியம்மாள் அப்படி நின்று பார்த்தாள். யாரும் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கட்டைத் தானே தூக்கினாள். தடுமாறி விழுந்தாள். பிள்ளை செத்துப் பிறந்தது. "கடவுள் சித்தம்" என்றார் மாதா கோவில் சாமியார். "தலையெழுத்து" என்றார் நாட்டாமை சீனுவாசன். "இந்தத் தெருவுல சொமைய எறக்காம ஒரு நாள் நான் நடக்கணும். அம்புட்டுதான்" என்றாள் அவள். அதற்குப் பிறகு அவள் வேண்டிக்கொண்டது, சண்டை போட்டது எல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான்.

யுத்தம் வந்தது. விழுப்புரத்துக்குத் தெற்கே விமானத் தளம் போட ஆள் எடுத்தார்கள். அவளும் கணவன் சவுரிராயனும் ஜல்லி சுமக்கப் போனார்கள். அங்கே கூடையைக் கீழே இறக்கினால்தான் மேஸ்திரி கத்துவான். சவுரியம்மாளுக்கு அந்தத் திட்டு காதில் தேனாக விழுந்தது.

அங்கே வந்திறங்கிய விமானங்களில் சில ஆங்கிலக் கப்பற்படையுடையவை. நம் நாட்டுக் கப்பற்படைக்கு அன்று சொந்த விமானம் ஒன்றுகூடக் கிடையாது. கப்பல் விமானம் தனி ஜாதி. மன்னியுங்கள், தனி வகை. யுத்தம் தொடங்கும்வரை பெரும்பாலும் துணி போர்த்திய இரட்டை இறக்கை விமானங்களைத்தான் கப்பலில் வைத்திருந்தார்கள். ஆட்கள் கையால் பிடித்து இறக்கைகளைப் பின்னுக்கு மடக்குவார்கள். யுத்தத்தின் நடுவே தகட்டு விமானங்கள் பெருகிவிட்டன. புதிதாக அமெரிக்காவில் செய்து வந்த ஒரு வகையில், ஓட்டுகிறவன் ஒரு பிடியை இழுத்தால் போதும். இரண்டு இறக்கையும் தாமாகவே மேலே எழுந்து தலைக்கு மேல் நிற்கும்.

"இதுக்கு இன்னாத்துக்கு இந்த வேலை?" என்று சவுரியம்மாள் கேட்டாள்.

ஜல்லி லாரி ஓட்டும் தாண்டவராயன் பீடியை எறிந்துவிட்டுச் சொன்னான்: "கப்பல்ல எடம் ஏது அக்கா? ரெக்கைய விரிச்சிக்கினு நின்னா ஒண்ணுதான் நிக்கும். மடக்கினா பத்து நிக்கும்."

நாற்பத்து நான்கு பங்குனியில், தள வேலை முடிந்து அவர்கள் ஊர் திரும்பியிருந்த சமயம், அப்படிப்பட்ட விமானம் ஒன்று எஞ்சின் கோளாறாகி வற்றிய ஏரியில் இறங்கியது. வெள்ளைக்கார ஓட்டி அதைப் பனைமரங்களுக்கு நடுவே ஒதுக்குவதற்காக இறக்கையை மடக்கினான். ஈர மண்ணில் ஒரு சக்கரம் புதைந்து எஞ்சினும் நின்றது. ரிப்பேர் ஆட்களை அழைத்து வர அவன் மாட்டுவண்டியில் திண்டிவனம் போனான். அவ்வளவுதான், கதை கிளம்பிவிட்டது. மலைமேல் இருக்கிற ஈஸ்வரனைப் பார்த்து ஆகாயவிமானம் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறது! பூசாரி தேங்காய் உடைத்தார். ஒரு ஆசிரியர் சுலோகம் சொன்னார். சக்கரத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்தார்கள்.

தள்ளி நின்ற சேரிக் கூட்டத்தைப் பார்த்து சீனுவாசன் குரல் கொடுத்தார்: "பார்த்துக்குங்கடா! வெள்ளைக்காரன் விமானமே எறங்கி கும்பிடுது. உங்களுக்கு மட்டும் ஏன் இடுப்பு வளைய மாட்டேங்குது? ஏ சவுரி, உனக்குத்தான் சொல்றேன்."

"அது கும்பிடலீங்க சாமி. எடம் பத்தாத கப்பல்ல இருந்து வந்த பழக்கம். மடக்கிக்கினு நிக்குது" என்றாள் சவுரியம்மாள்.

"ஜல்லி சொமந்தவ, என்ஜினீரு மாதிரி பேசறா பாரு!" என்று அவர் சொல்லவும் கூட்டம் சிரித்தது.

மறுநாள் ரிப்பேர் ஆட்கள் லாரியில் வந்தார்கள். எஞ்சின் சரியாயிற்று. சக்கரம் மட்டும் மண்ணை விடவில்லை. வெள்ளைக்காரன் கையைக் காட்டிக் கூப்பிட்டதும் முதல் ஆளாக ஓடியவர் சீனுவாசன்தான். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சேறு பூசிய சக்கரத்துக்கு அவரே தோள் கொடுத்தார். பக்கத்தில் தோள் கொடுத்தவன் சவுரிராயன். இரண்டு தோளும் உரசின. அன்றைக்கு யாருக்கும் தீட்டு ஞாபகம் வரவில்லை. விமானம் இறக்கையை விரித்துக்கொண்டு பறந்து போயிற்று. சவுரியம்மாளின் கண் மட்டும் சீனுவாசன் தோளில் ஒட்டிய சேற்றிலேயே இருந்தது.

சித்திரையில் நவரைப் போக நெல் அறுப்பு. சீனுவாசன் நிலத்து நெற்கட்டுகளைச் சேரிப் பெண்கள் ஊர்த்தெரு வழியாகத்தான் களத்துக்குச் சுமக்க வேண்டும். இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். தங்கள் விறகைச் சுமந்தால் இறக்கிக் கும்பிட வேண்டிய அதே பெண்கள், ஆண்டையின் நெல்லைச் சுமந்தால் இறக்க வேண்டியதில்லை! அதை யாரும் சட்டமாகச் சொன்னதும் இல்லை, ஏன் என்று கேட்டதும் இல்லை.

அன்று காலை சவுரியம்மாள் முன்னால் நடந்தாள். பின்னால் கோவிந்தம்மாள், லூர்துமேரி என்று வரிசை. எதிரே சீனுவாசன் வந்தார். சவுரியம்மாள் கட்டைப் பொத்தென்று தெருவில் போட்டாள். கையைத் தலைக்கு மேல் தூக்கி, "கும்பிடறேன் சாமி!" என்றாள். பின்னால் வந்த கட்டுகளும் ஒவ்வொன்றாக விழுந்தன. முற்றிய நெல் மண்ணில் உதிர்ந்து சிதறியது.

"அடிப் பாவிங்களா! இன்னாடி பண்றீங்க?"

"சட்டப்படி கும்பிடறோங்க."

"நெல்லு கொட்டுதுடி! தூக்குங்கடி ஜல்தி!"

"தனியா தூக்க முடியாதுங்களே. நான் ஒருவாட்டி தூக்கிப் பாத்து, புள்ளைய குடுத்துட்டேன். விமானத்துக்குத் தோள் குடுத்தீங்களே, எனக்கும் ஒரு கை குடுங்க சாமி."

"ஒருத்திக்கொருத்தி தூக்கி விட்டுக்குங்கடி!"

"எல்லாரும் கும்பிட்டுக்கினு இருக்கோமே!" என்றாள் கோவிந்தம்மாள், கூப்பிய கையை இறக்காமல். வரிசையில் சிரிப்பு ஓடியது.

சீனுவாசன் கத்தினார், வேலை கிடையாது என்று மிரட்டினார். கூப்பிய கைகள் அசையவில்லை. தெருக்கோழிகள் வந்து நெல்லைப் பொறுக்கத் தொடங்கின. அவர் மனைவி கிருஷ்ணவேணி வாசலுக்கு வந்து கத்தினாள்: "கும்பிடும் வாணாம் ஒண்ணும் வாணாம், போகச் சொல்லுங்க! வீட்டு நெல்லு கோழி வயித்துக்குப் போவுது!"

"போங்கடி... எறக்காம போங்க" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

"வெறகுக் கட்டுக்குமா சாமி?"

சீனுவாசன் துண்டை வீசிக் கோழிகளை விரட்டிப் பார்த்தார். கோழிகளுக்கு அவசரம் ஒன்றுமில்லை.

"எல்லாத்துக்குந்தான். போய்த் தொலைங்க!"

அதற்குப் பிறகுதான் ஒருத்திக்கொருத்தி தூக்கிவிட்டுக்கொண்டார்கள். அந்த வருஷம் முழுக்க சவுரிராயனுக்கு ஊரில் வேலை கொடுக்கவில்லை. பொறுமை வேண்டும் என்று சாமியார் வந்து சொன்னார். ஆனால் நெற்கட்டைப் போட்ட மறுநாளே சவுரியம்மாள் விறகுக் கட்டோடு அந்தத் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தாள். இன்றும் நடக்கிறாள்.

சுதந்திரம் வந்துவிட்டது. நம் கப்பற்படைக்கும் விமானம் வாங்கப் போகிறார்களாம். வாங்கட்டும். ஆனால் அந்த ஊரைத் தாண்டினால், திண்டிவனத்திலிருந்து விழுப்புரம்வரை எத்தனையோ தெருக்களில் சுமைகள் இன்னும் கீழே இறங்கிக்கொண்டிருக்கின்றன. உங்கள் பக்கத்துத் தெருவும் அதில் ஒன்றாக இருக்கலாம். விசாரியுங்கள். இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே நீங்களும் ஒரு விறகுக் கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு அந்தப் பெண்களோடு அந்தத் தெருவில் நடந்து போங்கள். யார் எதிரே வந்தாலும் இறக்காதீர்கள்.